சேமிக்கத் தெரியாத கட்டடம்

"எரியாத விளக்கை எப்படிம்மா அணைக்கறது?"

ஹம்சாவின் மகள் ஐந்து வயதில் ஒரு முறை இப்படிக் கேட்டாள். "வெளியே வரச்சே லைட்டை அணைச்சுட்டு வா" என்று அடுக்களையிலிருந்து வந்த உத்தரவுக்கு, விளக்கே போடாத அறையில் நின்றுகொண்டு அவள் கேட்ட கேள்வி அது. ஹம்சா அன்று அணைத்தது அடுப்பைத்தான். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து அதே கேள்வி அரசாங்கக் கடிதமாக, மூன்று பிரதிகளில், அவள் மேசைக்கு வந்து சேர்ந்தது.

ஹம்சா பொதுக் கட்டடங்களைப் பராமரிக்கும் கோட்டத்தில் உதவிப் பொறியாளர். மயிலாப்பூரில் இருக்கும் ஓய்வூதியர் அலுவலகம் அவள் பொறுப்பில் இருந்தது. அறுபது வயதைக் கடந்த கட்டடம். அங்கே வருகிறவர்களும் அப்படியே. மார்ச் 31க்குள் அந்தக் கட்டடம் ஏதாவது ஒரு பசுமைத் தரச் சான்றிதழ் வாங்க வேண்டும், வாங்காவிட்டால் அலுவலகம் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குப் போகும் என்றது கடிதம். அந்த மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் இல்லை என்பதைக் கடிதம் சொல்லவில்லை. ஹம்சா நேரில் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"ஏம்மா ஹம்சா, நிஜமாவே மாத்தறாளா?" என்று கேட்டார் அம்பி மாமா. எண்பத்தொரு வயது. மாநகராட்சிப் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலக வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தடியில் தினமும் பத்து மணிக்கு ஆஜர். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

"மாத்த மாட்டா மாமா. நான் பாத்துக்கறேன்."

"ஆத்துலேந்து இவ்வளவு தூரம் நடக்கறதே எனக்கு ரெண்டு இடத்துல உக்காந்துண்டுதான். ஈக்காட்டுத்தாங்கல் மூணாவது மாடின்னா, பென்ஷனோட அங்கேயே படுத்துண்டுட வேண்டியதுதான்."

"அதான் சொன்னேனே மாமா. எங்கேயும் போகாது."

சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. மயிலாப்பூர், மந்தைவெளி, ராயப்பேட்டை என்று நானூறு முதியவர்களின் கால்களுக்கு அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

முதல் வேலை, எந்தத் தர முறை இந்தக் கட்டடத்துக்குப் பொருந்தும் என்று ஒப்பிட்டு அறிக்கை தருவது. மூன்று முறைகள் இருந்தன. ஒன்று நட்சத்திரம் கொடுக்கும். ஒன்று வெள்ளி, தங்கம் என்று உலோகம் கொடுக்கும். மூன்றாவது, சதவீதக் கணக்குப் போட்டுச் சான்றிதழ் கொடுக்கும்.

நட்சத்திர முறைக்குக் கட்டடத்தின் மூல வரைபடம் வேண்டும். ஆவண அறையில் தேடியபோது, வரைபடத்தை முழுதாகப் படித்து முடித்த கரையான்கள் அடுத்த கட்டடத்துக்குப் போயிருந்தன. தவிர, சைக்கிளில் வருகிறவர்கள் குளிக்க ஓர் அறை வேண்டும் என்றது அந்த முறை. இங்கே சைக்கிளில் வந்த கடைசி ஆள் இரண்டாயிரத்துப் பதினொன்றில் மூட்டு மாற்றிக்கொண்டார்.

உலோக முறை, உள்ளே வரும் புதுக் காற்றின் அளவைக் கேட்டது. எந்த இயந்திரம் மூலம் வருகிறது என்ற கட்டத்தில் ஹம்சா 'ஜன்னல்' என்று எழுதினாள். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. மாடல் நம்பர் கேட்டது.

மிஞ்சியது சதவீத முறை. மின்சாரத்தில் இருபது சதவீதம் மிச்சம் பிடித்துக் காட்டினால் போதும். ஹம்சா மகிழ்ச்சியோடு பழைய மின்கட்டண ரசீதுகளை எடுத்தாள். மகிழ்ச்சி அங்கேயே நின்றது.

மாதம் எழுநூறு யூனிட். அறுநூறு சதுர மீட்டர் கட்டடத்துக்கு எழுநூறு யூனிட். இரண்டடிக் கனச் சுவர், உயர்ந்த கூரை, அதற்குக் கீழே காற்றுப் போக்கிகள், வாசலில் பாதித் தெருவுக்கு நிழல் போடும் மரம். மின்விசிறிகளைத் தவிர ஓடுவது ஏதும் இல்லை. இதில் இருபது சதவீதத்தை எங்கே போய்ப் பிடிப்பது?

கோட்டத்துக்கு ஆலோசகராக வந்திருந்த ஸ்ரீவத்சன் ரசீதுகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். முப்பது வயது, அடையாறில் அலுவலகம், மடிக்கணினியில் ஏழு வண்ணத்தில் அட்டவணை.

"மேம், பிராப்ளம் பில்டிங் இல்ல. பேஸ்லைன். அதாவது, மிச்சத்தைக் கணக்குப் பண்ற ஆரம்பச் செலவு. நீங்க ரொம்பக் கம்மியாச் செலவு பண்றீங்க."

"அது நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா இம்ப்ரூவ்மென்ட் காட்ட முடியாதே. குண்டா இருக்கறவங்களுக்குத்தானே வெயிட் லாஸ் மெடல்?"

"அப்போ என்ன பண்ணணும்?"

"ஆறு ஏசி போடுங்க. பழைய மாடலா, நல்லாக் கரண்ட் இழுக்கறதா. மூணு மாசம் ஓடட்டும். அதான் நம்ம பேஸ்லைன். அப்புறம் அதைக் கழட்டிட்டு நல்ல ஏசியா மாட்டினா நாப்பது பர்சென்ட் சேவிங்ஸ்."

ஹம்சா அவன் சிரிப்பான் என்று காத்திருந்தாள். அவன் அட்டவணையில் எட்டாவது வண்ணம் சேர்த்துக்கொண்டிருந்தான்.

செயற்பொறியாளர் ராம்குமாரிடம் இதைச் சொன்னால் தூக்கி எறிவார் என்று நம்பிப் போனாள். ராம்குமாரின் அலுவலகம் அதே வளாகத்தின் பின்பக்கம். பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறவர். சிரித்ததாகப் பதிவு இல்லை. அவர் கோப்பை இரண்டு முறை படித்தார்.

"மேலிடத்துல ஸ்ரீவத்சன் பேசிட்டாரு. ஒப்புதல் வந்தாச்சு."

"சார், இது நியாயமா?"

"நான் ரேட்டிங் பத்திப் பேசறேன் அம்மா. நியாயம் வேற செக்ஷன்."

மார்கழி மாதம் முதல் வாரத்தில் ஆறு ஏசிகள் வந்தன. ஊரே போர்வையைத் தேடும் மாதத்தில், ஜன்னல்களை எல்லாம் சாத்தி, அலுவலகத்தின் மின்பணியாளர் மெஹபூப் அலி அவற்றை மாட்டினார். ஒப்பந்த வேலையில் பதினாறு வருடமாக இருக்கிறவர்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. இன்னாத்துக்கு இது? இருக்கற குளுரு போதாதா?"

"மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, பாய்."

மெஹபூப் அலி ஒரு கணம் ஏசியைப் பார்த்தார், ஒரு கணம் அவளைப் பார்த்தார். "சரி மேடம்" என்று ஏணியில் ஏறினார். தினமும் பத்து மணிக்கு ஏசிகள் தாமாக ஓடும்படி ஒரு டைமரும் வைத்தார். ஸ்ரீவத்சன் தன் பங்குக்கு, மின்செலவை நேரத்தோடு பதிவு செய்யும் ஒரு கருவி பொருத்தினான்.

மூன்றாம் நாள் கூடத்துக்குள் நுழைந்த ஹம்சா, தவறிப்போய் ஏதோ மலை வாசஸ்தலத்துக்கு வந்துவிட்டோமோ என்று நின்றாள். மஃப்ளர், குரங்குக் குல்லா, கம்பளி. ஒருவர் கையுறையோடு டோக்கன் வாங்கிக்கொண்டிருந்தார். அம்பி மாமா கட்டம் போட்ட போர்வைக்குள் தும்மிக்கொண்டிருந்தார்.

"ஹம்சா, நான் உயிரோட இருக்கேன்னு சர்டிஃபிகேட் வாங்க வந்தேன். இன்னும் பத்து நிமிஷம் ஆனா அது பொய்யாயிடும்."

அந்த நேரம் பார்த்து ராம்குமார் பார்வையிட வந்தார். கூடம் முழுவதையும் மெதுவாகப் பார்த்தார். அம்பி மாமா போர்வையிலிருந்து ஒரு தும்மலை அவர் திசையில் அனுப்பினார்.

"இது ஆபீஸா, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டுவிட்டு ராம்குமார் போய்விட்டார். மாலையில் ஒரு குறிப்பாணை வந்தது: 'அலுவலகக் கூடத்தில் கம்பளி, போர்வை முதலியன போர்த்தல் கூடாது. ஏசிகள் அலுவலக நேரம் முழுவதும் ஓட வேண்டும்.'

"கல் நெஞ்சுக்காரன்" என்றார் அம்பி மாமா.

மறுநாள் பத்தே முக்காலுக்கு ஆறு ஏசிகளும் ஒன்றாக நின்றன. அதற்கடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். நின்றதும் முதியவர்கள் எழுந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு, போர்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். யார் முகத்திலும் வருத்தம் இல்லை.

ஹம்சாவுக்குத்தான் தூக்கம் போயிற்று. மின்சாரம் செலவாகாவிட்டால் மிச்சம் பிடிக்க முடியாது. மிச்சம் பிடிக்காவிட்டால் மூன்றாம் மாடி.

"லோடு தாங்காம ட்ரிப் ஆகுதோ?" என்று மெஹபூப் அலியைக் கேட்டாள்.

"இருக்கலாம் மேடம். உடனே ஏத்தினா எரிஞ்சிடும், மறுநாள் காலைலதான் ஏத்தணும்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

புது பிரேக்கர் மாட்டினாள். நின்றது. கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பித்து, தடியான கேபிள் வாங்கினாள். கேபிளுக்குப் பள்ளம் தோண்டியவர்கள் தூங்குமூஞ்சி மரத்தின் வேரில் ஒன்றை வெட்டிவிட்டார்கள். மரம் ஒரு பக்கத்துக் கிளையை உதறிவிட்டது. மரத்துக்குச் சேதம் என்றால் மதிப்பெண் குறையும் என்றான் ஸ்ரீவத்சன். ஈடு செய்ய இருபத்து நான்கு செடித் தொட்டிகள் வாங்கினாள். தொட்டிகளை வைக்கச் சாய்தளத்தைத் தவிர வேறு இடம் இல்லை. சக்கர நாற்காலி ஏற முடியவில்லை. அதற்கும் மதிப்பெண் போகும் என்றான் ஸ்ரீவத்சன். இவ்வளவுக்கும் பிறகு ஏசிகள் பத்தே முக்காலுக்கு நின்றன.

இடையில் கட்டாயம் எடுக்க வேண்டிய 'பயனாளர் திருப்திக் கணக்கெடுப்பு' ஒன்று வந்தது. கூடத்தின் சூழல் திருப்தியாக உள்ளதா என்ற ஒரே கேள்வி. முதியவர்கள் தாளைத் திருப்பி, பின்பக்கமும் எழுதினார்கள். பஞ்சப்படி நிலுவை பற்றி முப்பத்தொரு பேர். மருத்துவக் காப்பீட்டு அட்டை பற்றிப் பதினெட்டுப் பேர். ஒருவர், 1998 முதல் எதிலும் திருப்தி இல்லை என்று தேதியோடு எழுதியிருந்தார். அம்பி மாமா மட்டும் கேள்விக்குப் பதில் எழுதினார்: 'பத்தே முக்காலுக்குப் பிறகு பரம திருப்தி.'

பிப்ரவரி கடைசியில் ஸ்ரீவத்சன் மின்அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"மேம், இது ட்ரிப் இல்ல. ட்ரிப் ஆனா இந்த பிரேக்கர் குச்சி நடுவுல நிக்கும். இது முழுசாக் கீழ இருக்கு. யாரோ கையால எறக்கறாங்க."

ஹம்சா மெஹபூப் அலியைத் திரும்பிப் பார்த்தாள். பதினாறு வருட மின்பணியாளர் அந்தக் குச்சியை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் மேலிடத்துக்குப் போனது. விசாரணை நடத்து என்று மேலிடம் ராம்குமாருக்கு எழுதியது. ராம்குமார் ஹம்சாவுக்கு எழுதினார். மரத்தடியில் நாற்காலி போட்டு ஹம்சா விசாரணை நடத்தினாள். ஒரு மணி நேரத்தில் பதினொரு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

"நான்தான் அணைச்சேன், எழுதிக்கோ" என்றார் அம்பி மாமா.

"மாமா, மின்அறை பூட்டியிருக்கு. சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு பாய்கிட்ட, ஒண்ணு கோட்ட ஆபீஸ்ல."

"அப்போ பூட்டைத் திறக்காம அணைச்சேன்னு எழுதிக்கோ."

"மாமா, இது விளையாட்டு இல்ல. உங்களுக்காகத்தான் நான் அல்லாடிண்டிருக்கேன். ஏசி ஓடலேன்னா ரேட்டிங் இல்ல. ரேட்டிங் இல்லேன்னா..."

"தெரியும்மா" என்றார் அம்பி மாமா. குரல் தாழ்ந்திருந்தது. "மூணாவது மாடி. ஆனா, இங்கேயே இருக்கணும்னா விறைச்சுப் போணும்னு சொன்னா, நான் என்ன பண்ணுவேன் சொல்லு."

ஹம்சா நாற்காலியை மடித்தாள். மின்அறையில் கேமரா வைக்க ஆணை வாங்கினாள். திங்கள்கிழமை வைப்பதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை, மசூதிக்குப் போய்விட்டு வந்த மெஹபூப் அலி அவள் மேசையில் ஒரு தாளை வைத்தார். 'ஏசி மெயினை இறக்கியது நான்தான். பெரியவர்கள் படும் சிரமம் பார்க்க முடியவில்லை. கேமரா தேவையில்லை. இப்படிக்கு மெஹபூப் அலி.'

"பாய், நீங்களா?"

"ஆமா மேடம்."

"கான்ட்ராக்டையே எடுத்துடுவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"இப்போ சொல்லிட்டேன் இல்ல. கையெழுத்தும் போட்டுட்டேன்."

கடிதத்தை ராம்குமாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதைப் படித்தார். பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கடிதத்தில் தேதி விட்டுப்போயிற்றோ என்று ஹம்சா கவலைப்பட்டாள். கடைசியில் பச்சை மையில் எழுதினார்: 'எச்சரித்து விடப்படுகிறார். ஒப்பந்தம் தொடரலாம். கேமரா வேண்டாம்.'

கல்லுக்குள்ளும் ஆண்டவன் எங்கேயோ ஒரு சொட்டு ஈரம் வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு ஹம்சா வெளியே வந்தாள்.

அடுத்த வாரம் சதவீத முறையின் மதிப்பீட்டாளர் வந்தார். தமிழ்மொழி என்று பெயர். ஆட்டோவிலிருந்து ஒரு தோள்பையோடு இறங்கினார். ஸ்ரீவத்சன் மடிக்கணினியைத் திறப்பதற்குள் அவர் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, மரத்தடியில் அம்பி மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், இந்தக் கட்டடத்துக்கு எதுக்கு ஏசி போட்டீங்க?"

ஹம்சா கோப்பைத் திறந்தாள். "மிச்சம் பிடிச்சுக் காட்டணுமே. அதுக்கு ஒரு பேஸ்லைன்..."

"எங்க முறைக்கு ரெண்டு வாசல் இருக்கு. ஒண்ணு, முன்னாடி இருந்ததை விட இவ்வளவு குறைச்சோம்னு காட்டறது. இன்னொண்ணு, ஏற்கெனவே கம்மியாச் செலவு பண்ற பழைய கட்டடத்துக்கு. ஒரு வருஷத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு இருபது யூனிட்டுக்குள்ள இருந்தாப் போதும். எதையும் மாத்த வேண்டாம். உங்க ஒப்பீட்டு அட்டவணையில அந்த வரி எங்கே?"

எல்லாரும் ஸ்ரீவத்சனைப் பார்த்தார்கள்.

"அதுல நாங்க செய்ய வேண்டிய வேலை ஒண்ணும் இல்ல மேம்" என்றான் அவன். "அதனால அந்த வரியை எடுத்துட்டேன்."

"மாமா," என்றாள் ஹம்சா, "நாம பாஸ்."

"இருங்க" என்றார் தமிழ்மொழி. "கடைசிப் பன்னிரண்டு மாசம். ஏசி போட்ட மூணு மாசமும் சேர்த்து. அது முழு நேரம் ஓடியிருந்தா நீங்க எல்லையைத் தாண்டியிருப்பீங்க."

ஹம்சா மனதுக்குள் கணக்குப் போட்டாள். தான் மாட்டிய பிரேக்கர், தான் வாங்கிய கேபிள், தான் வைக்க இருந்த கேமரா எல்லாம் வரிசையாகக் கண் முன் வந்தன. மூன்று மாதமாக அவள் ராப்பகலாகப் பாடுபட்டது இந்தக் கட்டடத்தைத் தோற்கடிக்கத்தான்.

தமிழ்மொழி ரசீதுகளைக் கூட்டினார். மறுபடி கூட்டினார்.

"பதினஞ்சு யூனிட். ஏசி ஓடவே இல்லையா?"

"தினம் முக்கா மணி ஓடும்" என்றார் அம்பி மாமா. "அப்புறம் தெய்வம் வரும்."

மார்ச் 20 அன்று சான்றிதழ் வந்தது. அலுவலகம் மயிலாப்பூரிலேயே இருக்கும் என்ற உத்தரவும் வந்தது. ஆறு ஏசிகளும் கழற்றப்பட்டு, சேமிக்கப் போதுமான செலவு இல்லாத இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பப்பட்டன. தொட்டிகளை அம்பி மாமாவும் நண்பர்களும் வீட்டுக்கு ஒன்றாக எடுத்துப் போனார்கள். ராம்குமார் மெஹபூப் அலிக்கு ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பினார். எந்தச் செயலுக்காக அவர் எச்சரிக்கப்பட்டாரோ, அதே செயலுக்காக, அதே பச்சை மையில். ஹம்சாவின் பெயர் அதில் இல்லை. ராம்குமாரின் பெயரும் கையெழுத்தைத் தவிர வேறெங்கும் இல்லை.

கடிதத்தோடு கோப்பில் சேர்க்க, ஏசி மின்இணைப்பில் ஸ்ரீவத்சன் பொருத்தியிருந்த கருவியின் மூன்று மாதப் பதிவும் வந்தது. ஹம்சா சும்மா புரட்டினாள். ஏசி நின்ற நேரம் தினமும் 10.43, 10.45, 10.44. ஜனவரி இரண்டாம் வாரம் வந்ததும் விரல் நின்றது.

அந்த வாரம் மெஹபூப் அலி விடுப்பு. ஆம்பூரில் மகள் சாய்மாவின் நிக்காஹ். ஹம்சாவும் ஒரு நாள் போயிருந்தாள். அவளுக்கென்று தனிப் பாத்திரத்தில் காய்கறிச் சோறு சமைத்து, மெஹபூப் அலியின் மனைவி அஸ்மத்துன்னிசா பக்கத்திலேயே நின்று பரிமாறினார். கணவர் பந்தலை விட்டு ஆறு நாளும் நகரவில்லை என்று அலுத்துக்கொண்டும் இருந்தார்.

அந்த வாரமும் 10.44. 10.45. 10.43.

ஹம்சா பதிவையும் பாராட்டுக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மின்அறைக்குப் போனாள். மெஹபூப் அலி தனியாக இருந்தார். ஏசி இணைப்பின் பழைய வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவள் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"பாய், நிக்காஹ் வாரத்துல ஆம்பூர்லேந்து கையை நீட்டியா மெயினை எறக்கினீங்க?"

அவர் தாளைப் பார்த்தார். கடிதத்தை வாங்கவில்லை.

"அந்த லெட்டர் எனக்கு வேணாம் மேடம்."

"பண்ணாத தப்புக்குப் பதினாறு வருஷ வேலையைப் பணயம் வச்சிருக்கீங்க. யாருக்காக?"

மெஹபூப் அலி வயர் சுருளை ஆணியில் மாட்டிவிட்டு, பின்பக்கம் ராம்குமாரின் கோட்ட அலுவலகம் இருந்த திசையில் ஒரு முறை பார்த்தார். பிறகு, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"பெரிய சாரு டெய்லி பத்தரைக்கு மேல ஒரு நட போய்ட்டு வருவாரு மேடம், எம் புள்ள ஆசிஃபுக்கு ரத்தம் கெடைக்காம நான் ஆஸ்பத்திரில அலைஞ்சிகினு இருந்த அன்னிக்கும், ஒரு நட போய்ட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் ஆபீஸ்லேந்து கெளம்பி வந்து ரத்தம் குடுத்தாரு."